மலை ஏறும் புயல்

கொடைக்கானல் என்றதும் நேயர்களுக்குச் சித்திரை வைகாசி மாதங்கள் நினைவுக்கு வரும். ஏரியில் படகு, குதிரைச் சவாரி, கம்பளிச் சட்டை, பிளம்ஸ் பழம் - இவ்வளவுதான் நம்மில் பெரும்பாலோர் அறிந்த கொடைக்கானல். ஐப்பசி பிறந்தபின் அந்த மலை எப்படி இருக்கும் என்று யாரேனும் கேட்டால், "மழை பெய்யும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். கோடைக்கு மலை ஏறினவர்கள் எல்லோரும் இறங்கிவிட்ட பிறகு, அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்கிறவர்கள் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுத முற்பட்டிருக்கிறோம். அவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு மேலே சரிவில் நிற்கும் மரத்தைப் பார்க்கிறார்கள். சுமார் 160 மைலுக்கு அப்பால் இருக்கும் நாகப்பட்டினத்துச் சமாசாரத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு நாகப்பட்டினத்துச் சமாசாரம் எதற்கு என்று தோன்றலாம். புயல் என்பது கடற்கரையாரின் கவலை என்றுதான் நாமெல்லோரும் எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு பிசகானது என்பதை 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ஆம் தேதி பழனி மலைத் தொடருக்குக் காட்டிக் கொடுத்தது.

முதலில் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுவோம். நாகை, வேதாரண்யம் பக்கத்து ஜனங்கள் புயலை எதிர்பார்த்திருப்பதை ஒரு சாஸ்திரமாகவே வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் ஒரு சங்கதி உருவாகிறது என்று பொருள்; எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்று ஓர் எண் உண்டு. புயல் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பதற்கு அது அடையாளம். எச்சரிக்கை செய்ய முடியவில்லை என்பதையும் ஓர் எச்சரிக்கையாக வைத்த புத்தியை நாம் மெச்சத்தான் வேண்டும். கூண்டு ஏறியதும் படகுகள் கரைக்கு வரும். கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்துப் போடுவார்கள். வலைகள் வீட்டுக்குள் போகும். கீற்றுக் கூரையின்மேல் கயிறு போட்டு இறுக்குவார்கள். மாடுகளைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து விடுவார்கள். கட்டிய மாடு கட்டிய இடத்திலேயே செத்துப் போகும் என்பது பட்டறிந்த பாடம். உப்பளத்துக்காரர்கள் உப்புக் குவியலை ஓலையால் வேய்ந்து மூடுவார்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர் படையோடு நடந்து வந்து உப்பு அள்ளினாரே, அதே வேதாரண்யம்தான். பிறகு பெண்டு பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கோ, 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின் கட்டப்பெற்ற புயல் காப்பகங்களுக்கோ போய்ச் சேருவார்கள். கிழவர்கள் சிலர் மட்டும் வீட்டை விட்டு வர மாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு வருவது ஊர் வாலிபர்களின் வேலை.

இந்தப் பழக்கமெல்லாம் எளிதில் வந்ததல்ல. 1952, 1964, 1977 என்று வருஷங்களை அவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரே போயிற்று. ரயில் வண்டி ஒன்றும் பிரயாணிகளோடு கடலுக்குள் போயிற்று. அத்தனை உயிர்களைக் கொடுத்துத்தான் கடற்கரையார் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

2018-இல் வந்த புயலுக்குக் "கஜா" என்று பெயர். பெயர் வைத்தது இலங்கை. பொருள் யானை என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 16-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரை ஏறிற்று. மணிக்குச் சுமார் 100 முதல் 120 கிலோமீட்டர் வேகம். அதற்கு முன்பே எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டு போயிருந்தார்கள். அது மட்டும் நடக்காதிருந்தால் இறந்தவர் தொகை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது. அப்படியும் 60 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பட்டுக்கோட்டை, பேராவூரணிச் சீமையில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உப்பளங்களில் சேறு புகுந்தது. கோடியக்கரைக் காட்டில் மான்கள் மடிந்தன.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்தது. நாமும் வாசித்து வருந்தினோம். ஆனால் யானை அத்துடன் நிற்கவில்லை. புதுக்கோட்டை வழியாக மேற்கே நடந்து, திண்டுக்கல்லைக் கடந்து, கேரளத்தையும் தாண்டி அரபிக் கடலில் போய் இறங்கிற்று. வழியில் குறுக்கே நின்றது பழனி மலை.

அந்த மலையின் அமைப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொன்னால்தான் விஷயம் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீட்டிய கை போன்றது பழனி மலை. கேரளத்துப் பக்கம் மேகம் திரளும் ஆனி ஆடி மாதங்களில் இதற்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். கிழக்கேயிருந்து வரும் ஐப்பசி மழையைத்தான் இது நெஞ்சு கொடுத்து வாங்குகிறது. கடலிலிருந்து வரும் ஈரக் காற்றுச் சமவெளியில் தடையின்றி ஓடிவந்து, திடீரென்று ஏழாயிரம் அடி உயரமுள்ள சுவரில் மோதுகிறது. மோதிய காற்று மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் தன்னிடமுள்ள நீரைக் கொட்டுகிறது. கரை ஏறிய புயலுக்கு மணிக்கு மணி காற்றின் வலு குறையும் என்பது உண்மைதான். மழையின் வலு அப்படிக் குறைவதில்லை. நாகையில் காற்றாக இருந்த அபாயம் மலையில் நீராக மாறிவிடுகிறது.

செண்பகனூர் இந்த மலையின் தோளில் இருக்கிறது. செண்பகப் பூவின் பெயரைச் சூடிக்கொண்ட ஊர்; கொடைக்கானலுக்குச் சில மைல் கீழே, வத்தலக்குண்டு சாலையின்மேல் உள்ளது. 1895-இல் ஏசு சபைப் பாதிரிமார்கள் நிறுவிய திருஇருதயக் கல்லூரியும், அவர்கள் சேர்த்து வைத்த மலைப் பிராணிகள், செடிகொடிகளின் காட்சிசாலையும் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. பக்கத்திலேயே வெள்ளி அருவி. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் 180 அடி உயரத்திலிருந்து அங்கே விழுகிறது. மோட்டாரை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளாத பிரயாணி கிடையாது. அந்த அருவியின் நீர் தெளிவாக விழுகிறதா, செம்மண் கலந்து விழுகிறதா என்பதில் மேலே பெய்யும் மழையின் யோக்கியதை தெரிந்துவிடும்.

செண்பகனூரின் முக்கியத்துவம் வேறொன்றிலும் இருக்கிறது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு சாலை, பழனியிலிருந்து ஒரு சாலை. இரண்டு இருக்கின்றனவே, ஒன்று அடைபட்டால் மற்றொன்று உண்டே என்று கீழே இருப்பவர்கள் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் அவை இரண்டும் பெருமாள்மலையில் ஒன்று சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து மேலே வெள்ளி அருவியைக் கடந்து, செண்பகனூர் வழியாக ஏறுவது ஒரே சாலைதான். அந்தச் சில மைல் தூரத்தில் ஒரு மரம் குறுக்கே படுத்தால் போதும். ஒரு பட்டணமும் அதைச் சுற்றிய மலைக் கிராமங்களும் நாட்டிலிருந்து துண்டாகிவிடும்.

கஜா வந்த அன்று ஒரு மரமா விழுந்தது? மலைச்சாலை நெடுகிலும் மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, போக்குவரத்து நின்றது, மின்சாரம் நின்றது. சில கிராமங்களுக்கு விளக்கு திரும்பி வரப் பல நாட்கள் பிடித்தன. கடற்கரையில் முகாம் இருந்தது, கூண்டு இருந்தது, கிழவரைத் தூக்கி வரும் வாலிபர் கூட்டம் இருந்தது. மலையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் கூரையின் கீழ், மேலே நிற்கும் மரம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

விழுந்த மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழனி மலைக்குச் சொந்தமானவை சோலைக் காடுகளும் புல்வெளிகளும். வெள்ளைக்காரர் காலத்தில் தைலமரமும் வாட்டில் மரமும் வெளிநாட்டிலிருந்து வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்கு என்றும், ஆலைகளின் மரக்கூழுக்கு என்றும் நம்முடைய வனஇலாகாவே அவற்றைப் புல்வெளிகளில் பரப்பிற்று. வாட்டில் மரத்துக்கு வேர் ஆழமில்லை. நனைந்த மண்ணில் அது நிற்பதே அதிசயம். செண்பகனூர்ப் பாதிரிமாரிடையே இருந்த மாத்தியூ என்னும் தாவர நூல் அறிஞர் இந்த மலையின் செடிகொடிகளை ஆயுள் முழுதும் ஆராய்ந்து பெரிய நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். எது இந்த மண்ணுக்குரிய மரம், எது வந்தேறிய மரம் என்று தெரியாமல் நாம் விழிக்க வேண்டிய நிலைமை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மழையின் ரகசியத்தை அறிவதற்கென்றே இந்த மலையில் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நாட்டில் பஞ்சம் நிலவியபோதே கப்பலில் தானியம் ஏற்றுமதியாக விட்டுக்கொண்டிருந்த அந்நிய சர்க்கார், பருவமழை பொய்த்ததற்குச் சூரியன்மேலுள்ள புள்ளிகள் காரணமாயிருக்குமோ என்ற ஆராய்ச்சியில் இறங்கிற்று. அந்த யோசனையின் பலனாக 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மைக்கி ஸ்மித் அதன் முதல் தலைவர். 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை அங்கிருந்துதான் கண்டுபிடித்து உலகப் பிரசித்தி பெற்றார். 1971 வரையில் அந்த நிலையம் வானிலை இலாகாவைச் சேர்ந்ததாகவே இருந்தது. "சைக்ளோன்" என்ற சொல்லைக்கூட நம் நாட்டில், கல்கத்தாவில் இருந்த பிட்டிங்டன்தான் கிரேக்க பாஷையிலிருந்து உண்டாக்கினார். சூரியனில் அடிக்கும் காற்றை அளந்த மலைக்குத் தன்மேல் அடிக்கப் போகும் காற்றைப் பற்றி முன்கூட்டித் தனியே சொல்வார் இல்லை.

"தனியே" என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. எச்சரிக்கை வராமல் இல்லை. சென்னையிலிருந்து வரத்தான் செய்கிறது. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்குக் கனமழை என்றால் வேடசந்தூர்ப் பொட்டல் வெளிக்கும் அதே எச்சரிக்கை, செண்பகனூர்ச் சரிவுக்கும் அதே எச்சரிக்கை. அங்கே மூன்று அங்குல மழை குளத்துக்கு நல்லது. இங்கே அதே மூன்று அங்குலம், ஏற்கெனவே ஒரு வாரம் நனைந்த மண்ணில் பெய்தால், ஒரு வீட்டைக் கொண்டுபோய்விடும்.

இது எங்கோ ஒரு தடவை நடந்த அபூர்வம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி "ஃபெங்கல்" புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறிற்று. மறுநாள் கடலிலிருந்து வெகு தூரம் உள்ள திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வீட்டின்மேல் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஏற்காட்டு மலைச்சாலை சரிந்தது. மறு வருஷம், 2025 நவம்பர் இறுதியில், "டிட்வா" புயல் இலங்கையைத் தாக்கியபோது அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் பேர் மடிந்தது கடற்கரையில் அல்ல. கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலைநாட்டில்தான். தேயிலைத் தோட்டங்களில் லயன் வீடுகளில் வாழும் நம் தமிழர்கள் அந்தச் சரிவுகளுக்குக் கீழேதான் குடியிருக்கிறார்கள்.

ஆகவே மலைவாசிகள் கடற்கரையாரிடமிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. தாங்களாகச் சிறிது கற்றும் இருக்கிறார்கள். ஐப்பசிக்கு முன்பே விறகை மழை படாத இடத்தில் அடுக்கி வைக்கிறார்கள். தகரக் கூரையின்மேல் கல் ஏற்றுகிறார்கள். பத்து நாளைக்கு அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைக்கிறார்கள். புயல் வருகிறது என்று கேள்விப்பட்டால் தோட்டக்காரர்களுக்கு ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கேரட்டை நான்கு நாள் மண்ணிலேயே விட்டுவைக்கலாம், பீன்ஸ் காத்திராது. சாலை அடைபடுவதற்குள் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அனுப்பிவிட்டால் காசு. இல்லையேல் மாட்டுக்குத் தீனி. இளங்காய் என்று தெரிந்தும் பறித்து மூட்டை கட்டுகிறார்கள்.

சர்க்காரும் நகரசபையும் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. புரட்டாசி மாதத்திலேயே சாலையோரத்தையும் பள்ளிக்கூடங்களையும் வீடுகளையும் நோக்கிச் சாய்ந்திருக்கும் மரங்களைப் பார்த்து அடையாளமிட்டு அகற்றலாம். பெருமாள்மலைக்கு மேலே ஒவ்வொரு கிராமத்திலும் மரமறுக்கும் இயந்திரம் ஒன்றும், அதைப் பிடிக்கத் தெரிந்த நாலு பேரும் இருந்தால், வத்தலக்குண்டிலிருந்து ஆள் ஏறி வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். மழைமானி ஒன்றைப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் வைத்து, பிள்ளைகளை விட்டே காலையும் மாலையும் அளக்கச் செய்யலாம். இவ்வளவு பெய்தால் இன்ன சரிவிலிருந்து இன்ன வீட்டார் இறங்கி இன்ன கட்டிடத்துக்குப் போய்விட வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் கொடைக்கானலுக்கு வரும் பிரயாணிகள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. நெரிசலைக் குறைப்பதற்காக வந்த ஏற்பாடு அது. புயல் சின்னம் தோன்றிய அன்றே பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மேலே தங்கியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று அதே கணக்கைப் பார்த்து இறக்கிவிடலாம். மின்சாரமின்றி, பாலின்றி, சாலையின்றி இருக்கும் ஊருக்கு விருந்தாளிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தால் முதலில் தீர்வது செண்பகனூர்க் கடையில் உள்ள அரிசிதான்.