பீரோ நிறையத் துணி, கட்டிக்கொள்ள ஒன்றுமில்லை!

போன ஆவணியில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு முகூர்த்தம். காலை ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக நிற்கிறேன். "என்ன, இன்னும் ஆகலையா?" என்று இவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "கட்டிக்க ஒண்ணுமே இல்லை" என்றேன். உள்ளே வந்து பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை!

திரும்பி வந்த அன்று மத்தியானமே எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். புடவை மட்டும் 43. அடேயப்பா! அதில் ஒரு வருஷத்தில் நான் கட்டியவை 11தான். மற்ற 32 ஏன் கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்து யோசித்தேன். 19 புடவைக்கு ரவிக்கை சரியில்லை: ஒன்று இறுக்கம், ஒன்று அக்குளில் கிழிசல், ஒன்று சாயம் வெளுத்தது. ஆறுக்கு ஃபால்ஸ் தைக்கவே இல்லை. நாலு, கஞ்சி போட்டபடியே வைத்துப் பழுப்பேறிப் போனவை. மூன்றுதான் நிஜமாகவே எனக்குப் பிடிக்காதவை. ஆக, என் வீட்டில் புடவைக்குப் பஞ்சமில்லை, ரவிக்கைக்குத்தான் பஞ்சம்! இது தெரியாமல் வருஷா வருஷம் புதுப் புடவையாக வாங்கிக் குவித்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். நாம் இளைத்தாலும் பருத்தாலும் புடவை நமக்குப் பொருந்தும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அதே புடவைதான். பொருந்தாமல் போவது ரவிக்கை மட்டுமே.

எங்கள் அம்மாவிடம் வெளியே கட்டிக்கொண்டு போக ஆறே ஆறு நூல் புடவைகள்தான் இருந்தன. ஆனாலும் எங்கள் மதுரைத் தெருவில் "நல்லா உடுத்தறவ" என்று பெயர் வாங்கியவள். அவளிடம் கறுப்பு, அரக்கு, சந்தனம் என்று மூன்று ரவிக்கைகள் எப்போதும் கச்சிதமாக இருக்கும். ஆறு புடவையும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பொருந்தும்படி பார்த்துத்தான் வாங்குவாள். புடவையின் உடல் நிறத்தைப் பார்க்காதே, கரையிலோ பூவிலோ இருக்கிற நிறத்தைப் பார்த்து ரவிக்கை எடு என்பாள். இதைவிடப் பெரிய பாடம் எந்த ஜவுளிக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால் முதல் செலவை ரவிக்கையில் செய்யுங்கள். மேட்சிங் சென்டருக்குப் புடவையைக் கையோடு எடுத்துப் போய், டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். டூ-பை-டூ ரூபியா துணி நம் வெயிலுக்கு நல்லது. ரவிக்கைத் துணி, லைனிங் துணி இரண்டையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, ரவிக்கை கோணிக்கொள்ளும். ஃபால்ஸுக்கும் இதே விதிதான். நனைக்காமல் தைத்த ஃபால்ஸ் சுருங்கிப் புடவையின் கீழ்க்கரையைச் சுருட்டி இழுக்கும்.

டெய்லரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரித்துவிட்டால் பக்கத்துக்கு ஒரு சுற்று பெரிதாகும். அந்த 19 ரவிக்கைகளில் ஏழை இப்படிப் பிரித்தே மீட்டேன். உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டித் தைத்த மற்றவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது மலிவுத் துணிக்கு வருகிறேன். காலேஜில் படிக்கும் என் பெண் செல்போனிலேயே பார்த்து 299 ரூபாய்க்கு ஒரு சிவப்புக் குர்த்தி வரவழைத்தாள். படத்தில் பார்க்க ராணி மாதிரி இருந்தது. முதல் சலவையில் இவருடைய வெள்ளைச் சட்டை ரோஸ் சட்டை ஆயிற்று. நாலாவது சலவையில் தையல் விட்டது. அத்தோடு அது அடுப்படித் துணி. கணக்குப் போடுங்கள்: நாலு தடவை உடுத்தியதற்கு 299 என்றால், தடவைக்கு 75 ரூபாய். 1,500 ரூபாய்க்கு நான் வாங்கிய கைத்தறிப் புடவையைக் குறைந்தது நூறு தடவையாவது கட்டியிருப்பேன். தடவைக்கு 15 ரூபாய்தான். இதில் எது மலிவு?

சாயம் போகுமா என்று தெரிந்துகொள்ள, ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கத் தையல் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் மற்ற துணியோடு சேர்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சாயம் தோய்க்கும்போது உப்புக்கு வேலை உண்டு. தோய்த்து முடித்துக் கடைக்கு வந்த துணியில் அதற்கு வேலை இல்லை. உபரிச் சாயம் போகும்வரை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுவதுதான் வழி.

'சுத்தக் காட்டன்' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், ஓரத்திலிருந்து ஓரிரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து, மெத்தென்ற சாம்பலாகும். பட்டு, தலைமுடி கருகும் நாற்றமடிக்கும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். குழந்தையைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கைத்தறிப் புடவையா என்று பார்க்க நெருப்பு வேண்டாம்: கரையோரம் ஊசி குத்தியதுபோலப் பொடிப் பொடித் துளைகள் தெரியும். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற கட்டையின் முனை பட்ட அடையாளம் அது. நான் அதைக் குறையென்று நினைத்து ஒரு தடவை கடைக்காரரிடம் சண்டை போட்டேன்!

இவ்வளவு மலிவாக எப்படித்தான் கொடுக்கிறார்கள்? 2013 ஏப்ரல் 24ந் தேதி வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், ஆயத்த ஆடை தைப்பவர்களை வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் நம்மைப் போலக் குழந்தை குட்டிக்காரிகள். நம் பக்கத்திலேயே நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதை என் பெண்ணிடம் சொன்னபோது, "அப்ப வாங்கவே கூடாதாம்மா?" என்றாள். வாங்கு, கொஞ்சமாக வாங்கு, அடிக்கடி உடுத்து என்றேன். நாம் ஒருத்தி வாங்காமல் இருப்பதால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாலு நாளில் தூக்கிப் போட என்று வாங்க எனக்கு மனசு வரவில்லை.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. பழைய நூல் புடவையும் வேட்டியும் இருக்கும் வீட்டில் குழந்தைக்குத் துணி வாங்கவே வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் தூளிக்கும், இடுப்புத் துணிக்கும், உள்சட்டைக்கும் உகந்தது. ஆனால் தூளிக்கு நைந்த புடவை ஆகாது. இழுத்துப் பார்த்துக் கட்டுங்கள். பெண் குழந்தைக்குப் பாவாடை தைத்தால் இடுப்புக்குக் கீழே இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தையுங்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் மூன்று தீபாவளி தாங்கும். பிரித்த இடத்தில் கோடு தெரிந்தால் அதன்மேல் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்துவிடலாம். எங்கள் காலத்தில் அந்த ரிப்பனுக்காகவே பிரிக்கச் சொல்லி அழுவோம்.

எடுத்து வைப்பதில் நான் செய்த தவறு கஞ்சி. கட்டுகிற புடவைக்குக் கஞ்சி அழகு. பல மாதம் பீரோவில் தூங்கப் போகிற புடவைக்குக் கஞ்சியே பூச்சிக்கு விருந்து. அலசிவிட்டு வையுங்கள். பட்டை பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும்.

அப்படித்தான் அம்மாவின் சுங்குடி மடிப்போடு விட்டிருந்தது. மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை அது. துணியில் நூலால் குட்டிக் குட்டி முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, முடிச்சை அவிழ்த்தால் அங்கங்கே வெள்ளைப் புள்ளி நிற்கும். முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். 2005ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் சுங்குடி என்று இருப்பதில் பல அச்சடித்தவை. புள்ளி ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருந்தால் கை முடிச்சு என்று சந்தோஷப்படுங்கள். அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அந்தக் கருநீலப் புடவையை வெட்ட எனக்குக் கை வரவில்லை. கத்திரிக்கோலை எடுத்தும் வைத்தும் ஒரு வாரம் ஓடியது. கடைசியில் என் பெண்தான், "பாட்டி இருந்தா இந்நேரம் வெட்டித் தைச்சே போட்டிருப்பாங்கம்மா" என்றாள். நிஜம்தான்.

நைந்த பாகத்தை ஒதுக்கிவிட்டு, முந்தியும் கரையும் வரும்படி அவளுக்கு ஒரு குர்த்தா தைத்தோம். பழைய துணி இழுப்புத் தாங்காது என்பதால் உள்ளே முழு லைனிங், கைக்குக் கரை. காலேஜில் எங்கே வாங்கினாய் என்று நாலு பேர் கேட்டார்களாம். மிச்சத் துணியில் எனக்கு ஒரு ரவிக்கையும் வந்தது. அது பொருந்துகிற புடவை என்னிடம் ஐந்து இருக்கிறது. ஃபால்ஸ் தைக்க வேண்டிய ஆறில் நாலு முடிந்துவிட்டன. மீதி இரண்டுக்கும் ஃபால்ஸ் துணி வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது.