முறிந்த கையும் முறிந்த மனமும்

கை முறிந்த ஊழியர் ஒருவர் கட்டுடன் கந்தோருக்கு வருகின்றார். அவரைக் கண்டதும் மேலதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகின்றார். "பாரமான கோவைகளைத் தூக்க வேண்டாம்" என்கின்றார். பக்கத்து மேசைக்காரர் தேநீர் வாங்கிவந்து கொடுக்கின்றார். ஆயின், அதே ஊழியர் பத்து நாட்களாக உறக்கமின்றி, நெஞ்சில் இனம் புரியாத அச்சத்துடன், எழுதிய கணக்கையே மும்முறை எழுதிக்கொண்டிருப்பாராயின் அவருக்குக் கிடைப்பது யாது? "வேலையிற் கவனமில்லாதவர்" என்ற பட்டந்தான். முறிந்த கை கண்ணுக்குத் தெரிகின்றது. முறிந்த மனம் தெரிவதில்லை.

பிறருக்கு உபதேசம் செய்ய நாம் இதனை எழுதவில்லை. நாமே இழைத்த தவறு ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டதையே வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாம் கற்பிக்கும் கல்லூரியிலிருந்து ஆசிரியர் இருவர் வெளிநாடு சென்றனர். அப்பொழுது பகுதித் தலைவர் பொறுப்பு எம்மிடம் இருந்தது. நேரசூசியைத் திருத்தி, சென்றவர்களின் வகுப்புகளை இளம் ஆசிரியர் ஒருவர் தலையில் ஏற்றினோம். எதனைச் சொன்னாலும் மறுத்துப் பேசாதவர் என்பதே அவர் செய்த குற்றம்! வாரத்துக்குரிய 40 பாடவேளைகளுள் 36 அவருடையவாயின. தமிழ்த்தினப் போட்டி, விளையாட்டுப் போட்டி ஆகியவற்றின் அலுவல்களும் அவரையே சேர்ந்தன. இரவு பத்து மணிக்கும் எம்முடைய வாட்ஸ்அப் செய்தி அவரைத் தேடிச் சென்றது.

சில மாதங்களில் அவர் தாமதித்து வரத் தொடங்கினார். திருத்தப்படாத கொப்பிகள் மேசையிற் குவிந்தன. நாம் காரணம் கேட்டோமா? இல்லை. ஓய்வறையில் ஆசிரியர் பலர் இருக்க, "என்ன தம்பி, எங்களுக்கு வேலை இல்லையோ?" என்றோம். அவர் தலைகுனிந்தார். அவர் திருந்திவிட்டார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

ஒருநாட் காலை, மணி அடித்த பின்னரும் அவர் வகுப்புக்கு வெளியே தூணருகில் நின்றுகொண்டிருந்தார். "ஏன் நிற்கிறீர்?" என்றோம். "உள்ளே போகப் பயமாயிருக்கிறது, சேர்" என்றார். முப்பது வயதும் நிரம்பாத அவரது கை நடுங்கிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடி வாங்கில் அவரை அமர்த்தி, "உமக்கு என்ன செய்கிறது?" என்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். ஒரு மணிநேரம் பேசினார். அக்கேள்வியை ஆறு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் அத்தூணருகில் அவர் நின்றிருக்கமாட்டார் என்ற எண்ணம் எம்மை இன்றும் உறுத்துகின்றது.

இஃது எம் கல்லூரிக்கு மட்டும் உரிய கதையன்று. இலண்டனில் அரசாங்க உத்தியோகத்தர் 10,308 பேரைக் கொண்டு 1985இல் 'வைற்ஹோல்' ஆய்வின் இரண்டாங் கட்டம் தொடங்கிற்று. மைக்கல் மார்மட் என்னும் மருத்துவ அறிஞர் இதனை வழிநடத்தினார். தம் வேலையை எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களிடையே இருதய நோய் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. வேலைப் பளு மிகுந்து, உரிமையும் மேலோர் ஆதரவும் குறையும் இடத்தில் மனநலமும் கெடுகின்றது என்பதும் அவ்வாய்விற் புலனாயிற்று. பளு மட்டும் மனிதனை முறிப்பதில்லை. அதனைப் பற்றி வாய்திறக்க இயலாமையும் சேர்ந்தே முறிக்கின்றது.

"நாம் தொழில் நடத்துகின்றோமே அன்றித் தருமசாலை நடத்தவில்லை" என்று முதலாளிமார் கூறலாம். அவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. மனச்சோர்வு, பதற்றம் ஆகிய இருவகை நோய்களால் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுகின்றன என்று உலக சுகாதார தாபனம் மதிப்பிட்டுள்ளது. இத்தாபனம் 2022 செப்டெம்பரில் வேலைத்தல மனநலம் பற்றிய வழிகாட்டியொன்றை வெளியிட்டது. ஊழியரின் மனநலத்தைப் பேண மேலதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஊழியருக்கு அன்று, மேலதிகாரிக்கு! ஆண்டுக்கொரு முறை சொற்பொழிவும் யோகாசன வகுப்பும் நடத்திவிட்டு, மறுநாள் பழைய பளுவையே சுமத்தும் நிறுவனங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

அங்ஙனமாயின் தொழில் வழங்குவோர் செய்யத்தக்கது யாது? முதலாவது, பளுவை நிறுத்துப் பார்த்தல். ஒருவர் விலகிச் சென்றால், அவர் வேலையுள் எதனை நிறுத்தலாம், எதனைப் பிற்போடலாம் என்று ஆராய்ந்த பின்னரே எஞ்சியதைப் பிறரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மறுத்துப் பேசாதவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுதல் நிருவாகமன்று.

இரண்டாவது, வேலையின் ஒழுங்கைத் தீர்மானிப்பதில் ஊழியருக்கும் பங்கு அளித்தல். எதனை முதலிற் செய்வது, எந்த நாள் வசதி என்று கேட்பதற்குச் செலவு ஏதும் இல்லை. நான்கு பேர் வேலை செய்யும் பலசரக்குக் கடையிலும் இது கைகூடும்.

மூன்றாவது, நேரத்துக்கு ஓர் எல்லை. கடை, காரியாலய ஊழியர் பற்றிய நம் நாட்டுச் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என 1954இலேயே வரையறுத்தது. அச்சட்டம் அன்று மூடிய கதவை இன்று கைத்தொலைபேசி இரவிலே திறந்துவிடுகின்றது. அவசரமில்லாத செய்தி விடியும்வரை காத்திருக்கட்டும்.

நான்காவது, குறையைத் தனிமையிற் கூறுதல். பலர் முன்னிலையில் உதிர்க்கும் ஒரு சொல், சொன்னவருக்கு மறந்துபோகும், கேட்டவருக்கு மறப்பதில்லை.

ஐந்தாவது, நோயுற்றவரை நோயாளராகவே நடத்துதல். மேலதிகாரி மருத்துவராக முயல வேண்டியதில்லை. கேட்டறிதல், கேட்டதை இரகசியமாகக் காத்தல், முகஞ்சுளியாமல் லீவு கொடுத்தல், மருத்துவரிடம் செல்ல வழிகாட்டுதல் ஆகிய இவையே அவர் கடன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வேலைத்தல அறிவித்தற் பலகையில் எழுதிவைப்பதும் நற்பணியாகும். நோய் தணிந்து திரும்புபவர்மேல் முதல் நாளிலேயே முழுப் பளுவையும் ஏற்றாது, சிறிது சிறிதாகக் கூட்டுதலே முறை.

எம் இளம் ஆசிரியருக்கும் இவ்வாறே செய்தோம். அரசாங்க வைத்தியசாலையின் உளநல மருத்துவர் அவரைப் பார்த்தார். அதிபர் லீவுக்கு இசைந்தார். ஒரு மாதத்தின் பின் அவர் திரும்பியபோது, "எவற்றை விட விரும்புகிறீர்?" என்று நேரசூசியை அவர் கையிற் கொடுத்தோம். நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, போட்டி அலுவல்களையும் இரண்டு வகுப்புகளையும் விட்டார். தரம் 10ஐ மட்டும் விடமாட்டேன் என்றார். விட்ட வகுப்புகளுள் ஒன்றை நாம் ஏற்றோம். மற்றொன்றை இன்னோர் ஆசிரியர் ஏற்றார்.

அவர் சம்மதத்துடனேயே இதனை எழுதுகின்றோம். அவர் இன்றும் எம்முடன் கற்பிக்கின்றார். ஓய்வறையில் அன்று நாம் கூறிய சொல்லுக்காக, அதே ஓய்வறையில், அதே ஆசிரியர்கள் இருக்க, அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். எமக்கு அஃது எளிதாக இருக்கவில்லை. "பரவாயில்லை, சேர்" என்று சொல்லிவிட்டு, கொப்பிகளை எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்குச் சென்றார்.