வளைதளம் அளந்த தமிழர் இருவர்

தாளின்மீது வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகையாகும். பூமியுருண்டையின்மீது வரையின் அதனினும் மிகும். கொட்டியாரக் குடாவைக் கடக்கும் தோணிக்காரனுக்கு இவ்வேறுபாடு புலப்படாது. மாகடல் கடக்கும் மாலுமிக்கோ இது இன்றியமையாதது. வளைந்த தளங்களின் இயல்பை நுண்கணிதத்தின் துணைகொண்டு ஆராயும் துறையே வகையீட்டுக் கேத்திரகணிதம்.

இத்துறையில் இத்தாலியருக்குத் தனிச்சிறப்புண்டு. பாதுவா நகரில் 1873-ஆம் ஆண்டு பிறந்த துல்லியோ லெவி-சிவிற்றா, தம் ஆசான் ரிச்சியுடன் வகுத்த கணிதமுறையே ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கைக்குக் கருவியாயிற்று. 1917-இல் அவர் மற்றொரு கருத்தைத் தந்தார். திருகோணமலைத் துறைமுகத்தினின்று ஓர் அம்பை ஏந்திப் புறப்படுகிறோம் என்க. வழியெங்கும் அதனை இம்மியும் திருப்பாது, பெருங்கடல்களைச் சுற்றி மீள்கிறோம். புறப்பட்ட இடத்தையே அடைந்தும் அம்பு வேறு திசையைக் காட்டும்! நாம் வளைத்துவந்த பரப்பு எவ்வளவோ, அவ்வளவுக்கு அம்பும் திரும்பியிருக்கும்.

இவ்வழியில் அரும்பணி ஆற்றியோர் தமிழர் இருவர். தண்டரை என்னும் சிற்றூரிற் பிறந்தவர் மு. சே. நரசிம்மன், காஞ்சிபுரத்திற் பிறந்தவர் சேஷாத்திரி. இருவரும் 1932-இல் தோன்றியவர். சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்று, 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தவர். பாரிசுக்குச் சென்று கற்றும் அங்கேயே தங்கிவிடாது தாயகம் மீண்டனர்.

உழுந்து வடைகளை ஒட்டவைத்தாற்போலத் துளைகள் பல கொண்ட தளமொன்றை எண்ணுக. அத்துளைகளைச் சுற்றும் பாதைகளில் அம்பு பெறும் திருப்பங்களுக்கும், அட்சரகணிதம் முற்றிலும் வேறு வழியிற் கண்ட சில அமைப்புக்களுக்கும் நேருக்கு நேர் பொருத்தமுண்டு என 1965-இல் அவர்கள் நிறுவினர். 1983-இல் ஆங்கிலேய அறிஞர் டொனால்ட்சன் இதற்கு வகையீட்டுக் கேத்திரகணித வழியிற் புதிய நிறுவலொன்றைத் தந்தார்.

1938-இல் முசோலினி யூதருக்கு எதிரான சட்டங்களைத் திரியெஸ்தே என்னும் துறைமுக நகரிலே அறிவித்தான். யூதராகிய லெவி-சிவிற்றா உரோமாபுரிப் பேராசிரியர் பதவியை இழந்து, 1941-இல் மறைந்தார். அதே திரியெஸ்தேயில், பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம் வளர்முக நாட்டு அறிஞருக்கென 1964-இல் நிலையமொன்றை நிறுவினார். 1990-களில் அங்கே கணிதப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் நம் நரசிம்மனே! இனம் கேட்டுக் கதவடைத்த நகரம், பின்னர் அறிவை மாத்திரம் கேட்டுக் கதவு திறந்தது.

சேஷாத்திரி சென்னையிற் கணித நிறுவனம் கண்டார். கர்நாடக இசையிலும் வல்லவர். அவர் 2020-இலும் நரசிம்மன் 2021-இலும் மறைந்தனர்.

கணிதத்தைச் சோதனைப் புள்ளிக்காகவே கற்கும் மாணவர் இவர்தம் வாழ்வைச் சிந்திப்பாராக. பிறந்த ஊர் சிறிதென்பதோ, இனம் இன்னதென்பதோ உண்மைக்குத் தடையன்று. தாளும் எழுதுகோலும் தளரா ஊக்கமும் நம்மூர்ப் பிள்ளைகளிடமும் உள்ளன அன்றோ?