வரத்தும் அழுத்தமும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். குண்டாறு திருச்சுழியின் வழியே செல்லினும், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் மணலையே காணலாம். வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கி, மடைகளின் வழியே வயலுக்குப் பாய்ச்சுதல் இப்பகுதி உழவர்தம் நெடுநாளைய வழக்கம்.

கண்மாய் நிறைந்திருக்கும்பொழுது மடையில் நீர் சீறிப் பாயும். நீர்மட்டம் தாழத் தாழப் பாய்ச்சலும் தளரும். மடைக்கண் அகலமாயின் மிகுந்த நீர் வெளியேறும். குறுகலாயின் குறைந்த நீரே வெளியேறும். நீரின் உயரம் அதன் வேகத்தை உறுதி செய்கிறது. அவ்வேகமும் திறப்பின் அளவும் சேர்ந்து வெளிவரும் நீரின் அளவை உறுதி செய்கின்றன. உயரம் நான்கு மடங்காயின் வேகம் இரு மடங்காகும் என்னும் விதியை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

வீட்டுக் குழாயும் ஒரு சிறு மடையே. மாடியிலுள்ள தொட்டி கண்மாயை ஒக்கும். குழாயின் வாய் மடைக்கண்ணை ஒக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்பது வரத்து. அந்நீர் எவ்வளவு விசையுடன் உந்தப்படுகிறது என்பது அழுத்தம். இவ்விரண்டும் வெவ்வேறானவை. வெந்நீர்க் கருவியை மாற்ற எண்ணுவோர் முதற்கண் அறிய வேண்டுவன இவையே.

முற்காலத்தில் பல வீடுகளில் செம்பாலான பாய்லர் இருந்தது. அதன் நடுக்குழாயில் கரியோ விறகோ எரியும். மேலுள்ள புனலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால், அது அடியிற் சென்று, மேலே சூடேறி நிற்கும் நீரை வெளியே தள்ளும். கையால் ஊற்றிய நீராதலின், அங்குக் குழாயின் அழுத்தத்தைப் பற்றிய கவலை எழவில்லை. இக்காலத்து மின்கருவியோ குழாயுடன் இணைக்கப்படுகிறது. குழாய் தருவதையே அது சூடாக்க இயலும். தராத நீரை அதனால் உண்டாக்க இயலாது. இதனை எண்ணாது, குளியலறையில் நீர் நூல்போல் வருகிறது என்பதற்காகப் பழைய கருவியை நீக்கிப் புதியதை வாங்குவோர், பெரும்பொருள் செலவிட்ட பின்னரும் அதே நூலிழை நீரையே காண்பர்.

வரத்தை அளத்தல் எளிது. 10 லிட்டர் வாளியைக் குழாயின்கீழ் வைத்து, குழாயை முழுதும் திறந்து, வாளி நிறையும் நேரத்தைக் கடிகாரத்தில் காண வேண்டும். 40 விநாடிகளில் நிறைந்தால் வரத்து நிமிடத்திற்கு 15 லிட்டர்; இரண்டு நிமிடங்களாயின் 5 லிட்டர். பின்னர்ச் சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். வீட்டார் அனைவரும் நீரைப் பயன்படுத்தும் காலைப்பொழுதில் எவ்வளவு கிடைக்கும் என்பது அப்பொழுதே விளங்கும். அளந்த நீரை அண்டாவில் ஊற்றி வைத்தல் இந்நாட்டு மக்களுக்குச் சொல்லித் தரவேண்டாத பழக்கம்.

அழுத்தத்தை அறிய, தொட்டியின் நீர்மட்டம் குழாய்க்கு எவ்வளவு மேலே உள்ளது என்று அளந்தால் போதும். 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் உண்டு. ஒற்றை மாடி வீட்டில் நீர்மட்டம் குழாய்க்கு 2 மீட்டரே மேலிருப்பின், அழுத்தம் ஒரு பாரில் ஐந்தில் ஒரு பங்குதான். கருவியின் குறிப்பேட்டில் அது தாங்கும் மிகுந்த அழுத்தமும், சிலவற்றில் வேண்டிய குறைந்த அழுத்தமும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றோடு இவ்வளவை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

உயரம் போதிய அளவில் இருந்தும் வரத்துக் குறைந்தால், குறை குழாயிலோ திருகடைப்பிலோ உள்ளது எனத் தெளியலாம். உப்பு மிகுந்த நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் சுண்ணாம்புப் படிவு குழாயைக் குறுகச் செய்யும். கடினநீர் சூடேறும்போது இப்படிவு விரைந்து உண்டாவதால், வெந்நீர்க் கருவியின் உள்ளும் அது படியும். படிவினால் குழாயின் உள்விட்டம் பாதியானால், நீர் செல்லும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். அத்தகைய வீட்டில் கருவியை மாற்றுவதினும் குழாயை மாற்றுவதே தக்கது.

வரத்து மிகுந்திருப்பின் எல்லாம் நன்று எனவும் கருதலாகாது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் வேண்டும். நீர் ஓடும்போதே சூடாக்கும் 3,000 வாட் கருவி, நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் நீரையே 20 பாகை உயர்த்தும். வரத்து 6 லிட்டராயின் 7 பாகை அளவே உயரும். நீர் வெதுவெதுப்பாகவே வரும். விரைவாக நிறைய வெந்நீர் வேண்டுவோர்க்கு, நீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் கலமே ஏற்றது. அதில் மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு செம்மையாக இயங்குதல் இன்றியமையாதது.

கண்மாயின் நீர்மட்டத்தையும் மடையின் திறப்பையும் பார்த்த பின்னரே உழவர் எத்தனை வயலுக்கு நீர் பாயும் என்று கணித்தனர். அக்கணிப்பு வீட்டிற்கும் பொருந்தும். ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஓர் அளவுநாடா ஆகியவற்றைக் கொண்டு கால்மணி நேரத்தில் செய்யும் சோதனை, வீண் செலவைத் தடுக்கும். குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டு வெந்நீருக்காகக் காத்திருக்கும் வீணையும் குறைக்கும்.