மருந்து அடிக்க ஆள் வர்றாங்களா? முதல்ல லைசென்ஸைக் கேளுங்க!

"கரப்பான் தொல்லை தாங்கலைங்க... யாரையாவது கூப்பிட்டு மருந்து அடிச்சுடலாம்!"

பண்டிகை நெருங்கினாலே நம் வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நம்பர் வாங்கி, போனிலேயே பேரம் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளை வரச் சொல்லிவிடுவோம். 'எவ்வளவு ஆகும்? எத்தனை மாசம் கியாரன்டி?' இவ்வளவுதான் நம் விசாரணை. வருகிறவர் பையில் இருப்பது என்ன விஷம், அதைத் தொட அவருக்கு அனுமதி உண்டா என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைச்சல்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு குடும்பம். எலித் தொல்லைக்காகப் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்தார்கள். வீட்டில் எலி மருந்து வைத்தார்கள். இரவு ஏ.சி. போட்டுத் தூங்கினார்கள். அந்த வீட்டின் இரண்டு பிஞ்சுகளும் பிழைக்கவில்லை. பெற்றோர் ஆஸ்பத்திரியில். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது, இல்லையா?

பூச்சிமருந்துக்கு நம் நாட்டில் கறாரான சட்டம் இருக்கிறது. அது பிறந்த கதையும் சோகமானதுதான். 1958-ல் கேரளாவில், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 1968-ல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் வந்தன.

அந்த விதிகளின்படி, பெஸ்ட் கன்ட்ரோல் தொழில் செய்ய நினைப்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். விவசாயப் பட்டம், அல்லது கெமிஸ்ட்ரி ஒரு பாடமாக உள்ள சயன்ஸ் பட்டம். அதோடு குறைந்தது 15 நாள் பயிற்சி. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் போன்ற இடங்களில்தான் அந்தச் சர்டிபிகேட் கிடைக்கும். இவற்றை வைத்து மாநில வேளாண்மைத் துறையில் லைசென்ஸ் வாங்க வேண்டும். (உங்கள் வீட்டில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வேலை தேடும் பையனோ பெண்ணோ இருந்தால் காதில் போட்டு வையுங்கள். கௌரவமான சொந்தத் தொழில்!)

ஆனால், ஒரு விஷயம். லைசென்ஸ் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பம்ப்பைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்பவர் வேறு ஆள். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார், கையுறையும் முகமூடியும் கொண்டுவந்திருக்கிறாரா? இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் காப்பியைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிற ஆளை, "அப்புறம் பார்க்கலாம்ப்பா" என்று அனுப்பிவிடுவதே மேல்.

அடுத்து, மருந்துப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேபிளில் டைமண்ட் வடிவத்தில் ஒரு கலர் முத்திரை இருக்கும். சிவப்பு என்றால் அதிபயங்கர விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும். அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பேர் தெரியாத பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்த மருந்து என்றால் வேண்டவே வேண்டாம்.

முக்கியமாக ஒன்று, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. தானியக் கிடங்கில் மூட்டைகளை மூடிப் பூச்சியைக் கொல்ல வைப்பது இது. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். அழுகின மீன் மாதிரியோ பூண்டு மாதிரியோ நெடி அடிக்கலாம். இந்த விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது! நிபுணர் மேற்பார்வை இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அரசு உத்தரவு. மனிதர்கள் படுத்துத் தூங்கும் வீட்டில் இதற்கு வேலையே இல்லை. "எலிக்கு மாத்திரை வெச்சுட்டுப் போறேம்மா" என்றால் என்ன மாத்திரை என்று கேட்காமல் விடாதீர்கள்.

மருந்து அடித்த பிறகு எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதை எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து ஃபேனைப் போடுங்கள். ஏ.சி. வேண்டாம். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கிற அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது.

அன்று வீட்டில் யாருக்காவது வாந்தி, தலைசுற்றல், மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம் வந்தால், 'ராத்திரி சாப்பாடு ஒத்துக்கலை' என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்தின் பெயரையோ, லேபிளை எடுத்த போட்டோவையோ கையோடு கொண்டுபோனால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.