1855இல் சென்னை 'பிடித்த' கோள்

ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856இல். அதற்கு முந்தைய ஆண்டே, நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் ஜேக்கப், வேறொரு விண்மீனுக்குக் கோள் இருக்கக்கூடும் என்று எழுதிவிட்டார். அந்த விண்மீன், சுமார் 16.7 ஒளியாண்டு தொலைவிலுள்ள '70 ஒஃபியூகி' என்ற ஜோடி. இரண்டும் ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 88 ஆண்டுகள் ஆகும்.

கோளைப் பார்க்காமலே எப்படிச் சொன்னார்? கணக்கு காட்டிய இடத்தில் விண்மீன் இல்லை, கொஞ்சம் விலகியிருந்தது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது. யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்துத்தான் 1846இல் நெப்டியூனையே பிடித்தார்கள். தர்க்கம் சரி, அளவீடுதான் காலை வாரிவிட்டது. 1899இல் மோல்டன் என்ற அமெரிக்கர், சொல்லப்பட்டதுபோன்ற பாதையில் மூன்றாவது பொருள் நிலைத்திருக்க முடியாது என்று காட்டினார்.

ஆனால் கோள் இழுத்தால் விண்மீன் தள்ளாடும் என்பது பொய்யல்ல. கோளும் விண்மீனும் சேர்ந்தே ஒரு பொது மையத்தைச் சுற்றுகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி நெருங்கும்போது ஹாரன் கீச்சிடும், கடந்துபோனதும் கனக்கும். அதுபோலவே, விண்மீன் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளி நீலப்பக்கமும், விலகினால் சிவப்புப்பக்கமும் மிகச் சிறிதளவு நகரும். வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். அந்தச் சாலையின் நெரிசலில் லாரிக்கு அதுவே பெரிய வேகம்! 1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் '51 பெகாசி' என்ற விண்மீனில் அளந்ததோ மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அங்கே ஒரு ராட்சதக் கோள் 4.2 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடுகிறது. ராட்சதர்கள் முதலில் அகப்பட்டதற்குக் காரணமும் இதுதான்: பூமி சூரியனை அசைப்பது நொடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர்.