தக்காளி வழியிலேயே ஏன் அழுகுகிறது?

பறித்த பின்பும் தக்காளி உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை ஏற்று, தன்னிடமுள்ள சர்க்கரையைச் சிதைத்து, வெப்பத்தையும் நீரையும் வெளியிடுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தச் சுவாசம் ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகிவிடும். வெயிலில் நிற்கும் லாரியில் பழம் சீக்கிரம் தளர்வது இதனால்தான். அடிபட்ட பழம் எத்திலீன் வாயுவைக் கூடுதலாக விடுவதால் பக்கத்துப் பழங்களும் முந்திப் பழுக்கின்றன. ஆழமான கூடையில் அடியிலுள்ளவை நசுங்க, விரிசல் வழியே பூஞ்சை நுழைகிறது.

இப்படி வீணாவது தக்காளி மட்டுமல்ல. அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையில் உலக உணவில், மதிப்பளவில், சுமார் 14 விழுக்காடு இழப்பாவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019-இல் கணித்தது.

தக்காளியை நிறம் மாறத் தொடங்கும்போதே அதிகாலையில் பறித்து, நிழலில் வைத்து, ஆழம் குறைந்த பிளாஸ்டிக் டிரேக்களில் அனுப்பினால் சேதம் வெகுவாகக் குறையும். குளிர்பதனக் கிடங்கே தீர்வு என்பது பாதி உண்மைதான். முற்றிய பச்சைத் தக்காளியைப் பல நாள் 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் அது பிறகு சரியாகப் பழுக்காது. அதற்கு ஏற்றது 12–13 டிகிரி.

மின்சாரமில்லாத இடங்களுக்காக இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு குளிரறையை வடிவமைத்தது. இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஈர மணல், அவ்வளவுதான். மண்பானையைப் போல, ஆவியாகும் நீர் உள்வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வறண்ட கோடையில் இது நன்றாக வேலை செய்யும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் பயன் குறைவு.